தற்காலிகம் என்ற சொல்: 1990 இன் புத்தளமும் வடபுல முஸ்லிம்களின் தங்குமிடமும்

1990 நவம்பர் 2 ஒரு வெள்ளிக்கிழமை. அன்றைய ஜும்ஆவுக்குப் பிறகு எங்கள் பக்கத்துப் பள்ளிவாசல் முற்றத்தில் பழைய சாரங்களும் சட்டைகளும் அரிசியும் குவிந்திருந்ததை நான் பார்த்தேன். அப்போது எனக்குப் பத்து வயது. கித்துல்கலயில் எங்கள் வாப்பா சிறியதொரு புடவைக் கடை வைத்திருந்தார். கடையிலிருந்து இரண்டு பொதி துணியைச் சுமந்துகொண்டு நானும் அவரோடு போனேன். யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் இருந்து நம்முடைய ஆட்களை விரட்டிவிட்டார்கள், புத்தளத்தில் கிடக்கிறார்கள் என்று பெரியவர்கள் பேசிக்கொண்டார்கள். அவர்களில் ஒருவர் சொன்னது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது: "ரெண்டு மூணு மாசத்துக்குத்தான். பொறகு போயிருவாங்க."

பதினைந்து வருடங்களுக்குப் பிறகு எனது முதல் ஆசிரியர் நியமனம் புத்தளம் மாவட்டத்தில் கிடைத்தது. வகுப்பில் மாணவர் விபரப் படிவம் நிரப்பிக்கொண்டிருந்தபோது ஒரு பிள்ளை எழுந்து கேட்டாள்: "சேர், நிரந்தர முகவரியில எதை எழுதுற? எருக்கலம்பிட்டியையா, கேம்ப்பையா?" அவள் பிறந்தது கிடுகுக் கொட்டிலில். எருக்கலம்பிட்டியை அவள் கண்டதே இல்லை. ஆனாலும் வீட்டில் சொல்லிக் கொடுத்தபடி எருக்கலம்பிட்டிதான் நிரந்தரம், தான் பிறந்து வளர்ந்த இடம் தற்காலிகம். நான் என்ன பதில் சொன்னேன் என்பது முக்கியமல்ல. சரியான பதில் என்னிடம் இருக்கவில்லை என்பதே உண்மை.

வடபுல முஸ்லிம்களின் வெளியேற்றத்தைப் பற்றி நம்மிடையே நிறையப் பேசப்பட்டிருக்கிறது. வந்தவர்களுக்கு முதல் வாரங்களில் ஒரு நகரம் எப்படித் தங்குமிடம் தேடிக் கொடுத்தது, அந்தத் தங்குமிடத்தின் மீது ஒட்டப்பட்ட 'தற்காலிகம்' என்ற சொல் பின்னர் என்ன செய்தது என்பவை குறைவாகவே பேசப்பட்டிருக்கின்றன. இக்கட்டுரை அதைப் பற்றியது.

வெளியேற்றம்

1990 ஜூனில் அரசுக்கும் விடுதலைப் புலிகளுக்கும் இடையில் போர் மீண்டும் தொடங்கியது. ஆகஸ்ட் 3 ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த நூற்றுக்கும் அதிகமானோர் கொல்லப்பட்டனர். அடுத்த வாரம் ஏறாவூர். கிழக்கில் இரத்தம் காய்வதற்கு முன்னரே வடக்கில் வெளியேற்றம் ஆரம்பமாயிற்று. ஒக்டோபர் நடுப்பகுதியில் சாவகச்சேரி முஸ்லிம்கள் முதலில் வெளியேற்றப்பட்டனர். மன்னார்த் தீவின் முஸ்லிம்கள் ஒக்டோபர் 28 ஆம் திகதிக்குள் போய்விட வேண்டும் என்று ஒலிபெருக்கியில் அறிவிக்கப்பட்டது. ஒக்டோபர் 30 ஆம் திகதி யாழ்ப்பாண நகரில் வீட்டுக்கு ஒருவரை ஜின்னா மைதானத்துக்கு அழைத்து, இரண்டு மணித்தியாலத்தில் வெளியேறும்படி கட்டளையிட்டனர். முல்லைத்தீவு, கிளிநொச்சி, வவுனியா மாவட்டங்களில் புலிகளின் பிடியிலிருந்த ஊர்களுக்கும் இதே கதிதான். ஏறத்தாழ 75,000 பேர் உடுத்த உடையோடும் சொற்பப் பணத்தோடும் பரம்பரை மண்ணை விட்டு இறங்கினர். வழியில் நகைகளும் பறிக்கப்பட்டன.

அவர்கள் இரண்டு பாதைகளால் வந்தார்கள். யாழ்ப்பாணத்தவரும் வன்னியில் இருந்தோரும் லொறியிலும் உழவு இயந்திரத்திலும் நடந்தும் வவுனியாவை அடைந்து, அங்கிருந்து அநுராதபுரம், புத்தளம், குருநாகல், கொழும்பு எனப் பிரிந்தார்கள். மன்னார்த் தீவில் இருந்து பெருந்தொகையானோர் படகுகளில் ஏறிக் கடல்வழியே கல்பிட்டிக்கு வந்தார்கள். அது மழைக்காலம். கல்பிட்டிக் கரையில் வாழ்ந்த ஒரு முதியவர் என்னிடம் சொன்னார்: "படகு தெரியல்ல தம்பி. இருட்டு. புள்ளையள் அழுகிற சத்தம்தான் மொதல்ல கேட்டது."

முதல் இரவுகள்

ஆயிரக்கணக்கானோர் சில நாட்களுக்குள் ஒரு சிறுநகரத்துக்கு வந்து இறங்கினால் என்ன தேவை? கூரை, குடிநீர், சமைத்த சோறு, பெண்கள் மறைவாக ஒதுங்க ஓர் இடம், யார் வந்தார் யார் வரவில்லை என்ற ஒரு பட்டியல். இவ்வளவையும் அன்றைக்கே தரக்கூடிய திணைக்களம் எதுவும் புத்தளத்தில் இருக்கவில்லை. ஆனால் பள்ளிவாசல்கள் இருந்தன.

பள்ளிவாசலைத் தொழுமிடமாக மட்டும் பார்க்கிறவர்களுக்கு இது விளங்காது. அங்கே நூறு பேர் படுக்கக்கூடிய சிமெந்துத் தரை இருக்கிறது. வுழூச் செய்ய ஹவ்ழும் கிணறும் இருக்கின்றன. பாய் இருக்கிறது, ஒலிபெருக்கி இருக்கிறது. கந்தூரிக்கு ஆயிரம் பேருக்குச் சோறாக்கும் பெரிய சட்டிகளும் சஹன்களும் களஞ்சிய அறையில் கவிழ்த்து வைக்கப்பட்டிருக்கின்றன. எல்லாவற்றுக்கும் மேலாக, எந்த வீட்டில் எத்தனை பேர், யாரிடம் எவ்வளவு அரிசி இருக்கிறது என்பதை அறிந்த ஒரு நிருவாக சபை இருக்கிறது. "கந்தூரிச் சட்டியளை அண்டைக்கே எறக்கிட்டோம். ஆர் எவ்வளவு தந்தாங்கன்டு எழுத நேரமில்ல" என்றார் அந்நாளில் ஒரு ஜமாஅத்தில் பொறுப்பிலிருந்த பெரியவர். கந்தூரி கூடுமா கூடாதா என்ற விவாதம் நம்மிடையே பல காலமாக நடக்கிறது. அந்த விவாதத்துக்குள் நான் போகவில்லை. ஆனால் அகதிகளின் முதல் சோறு அந்தச் சட்டிகளில் வெந்தது என்பது வரலாறு.

பள்ளிவாசல்கள் நிறைந்ததும் பாடசாலைகள் திறக்கப்பட்டன. மத்ரஸாக்களும் பொதுக் கட்டடங்களும் அவ்வாறே. பல உள்ளூர்க் குடும்பங்கள் தம் வீட்டின் முன்மண்டபத்தையும் குசினியையும் முன்பின் அறியாதவர்களோடு பகிர்ந்துகொண்டன. இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். புத்தளம் செல்வம் கொழித்த ஊரல்ல. உப்பளம், தென்னை, மீன்பிடி, கல்பிட்டி மணலில் வெங்காயமும் மிளகாயும் புகையிலையும், இவைதான் அதன் பொருளாதாரம். கொடுத்தவர்கள் மிஞ்சியதைக் கொடுக்கவில்லை.

பாடசாலையில் இருந்து தென்னந்தோட்டத்துக்கு

பாடசாலைகளை நெடுநாள் மூடி வைக்க முடியாது. சில வாரங்களில் கேள்வி வந்தது: இவர்களை எங்கே கொண்டுபோவது? விடை தென்னந்தோட்டங்களில் இருந்தது. தனியார் சிலர் தமது காணிகளைத் தற்காலிகமாக விட்டுக்கொடுத்தார்கள். காட்டுக் கம்புகளை நட்டு, தென்னோலைக் கிடுகால் கூரை வேய்ந்து, கிடுகாலேயே சுவர் மறைத்துக் கொட்டில்கள் எழுந்தன. புத்தளம், கல்பிட்டி, முந்தல், வண்ணாத்திவில்லு ஆகிய நான்கு பிரிவுகளிலும் இவ்வாறு முகாம்கள் பரவின. அரச கடிதங்களில் அவற்றின் பெயர் 'நலன்புரி நிலையம்'. மக்கள் வாயில் 'கேம்ப்'.

முகாம்கள் அமைந்த முறையிலும் ஒரு வரலாறு உண்டு. மக்கள் கிடைத்த இடத்தில் கலந்து குடியேறவில்லை. கூடியவரை ஊர் ஊராகவே சேர்ந்து இருந்தார்கள். எருக்கலம்பிட்டியார் நாகவில்லுவில் ஒன்றுகூடினார்கள். அவர்களுடைய பாடசாலையும் ஊர்ப் பெயரைச் சுமந்தபடி அங்கேயே எழுந்தது. யாழ்ப்பாணத்தவர் பலர் தில்லையடியில் இருந்தார்கள். இப்படிச் சேர்ந்திருந்ததால் திருமணமும் ஜனாஸாவும் சண்டை சமாதானமும் பழைய ஊர் ஒழுங்கிலேயே நடந்தன. ஊர் இல்லாமல் போன பிறகும் ஊர்ச் சபை இருந்தது. பல முகாம்களில் நிவாரணப் பங்கீடு ஒழுங்காக நடந்ததற்கு இதுவே காரணம் என்று நினைக்கிறேன்.

கிடுகைப் பற்றித் தெரிந்தவர்களுக்கு அதன் ஆயுளும் தெரியும். ஒன்றிரண்டு மாரியில் அது மக்கிவிடும். பிறகு புதிதாக வேய வேண்டும். கிடுகு என்பதே நாள் குறித்த கூரை. முதல் வருடம் யாரும் அதைப் பெரிதாக எடுக்கவில்லை, அடுத்த மாரிக்குள் ஊருக்குப் போய்விடுவோம் என்றிருந்தார்கள். இரண்டாவது முறை வேய்ந்தபோது சந்தேகம் வந்தது. மூன்றாவது முறை கிடுகு வாங்கப் பணமிருக்கவில்லை. மணற்பாங்கான நிலத்தில் கிணறும் மலசலகூடக் குழியும் அருகருகே இருந்ததால் தண்ணீர் கெட்டது. பெண்கள் பொழுது சாயும் வரை காத்திருந்தே ஒதுங்கினார்கள். சில வாரங்களுக்குப் பொறுத்துக்கொள்ளக்கூடிய இந்த வாழ்க்கையைத்தான் மக்கள் வருடக் கணக்கில் வாழ்ந்தார்கள்.

உரிமையும் பொறியும்

ஏன் நல்ல வீடு கட்டிக் கொடுக்கவில்லை என்று இன்று கேட்பது எளிது. அன்று அந்தக் கேள்விக்கு இரண்டு பதில்கள் இருந்தன, இரண்டிலும் நியாயம் இருந்தது.

ஒன்று அரசின் பதில். இவர்கள் போர் முடிந்ததும் திரும்பிப் போவார்கள், ஆகவே உலருணவும் தற்காலிகக் கொட்டிலும் போதும் என்பது. மற்றது நம்முடைய பதில். நிரந்தர வீட்டை ஏற்றுக்கொண்டால் விரட்டியவர்களின் செயலை நாமே அங்கீகரித்ததாகிவிடும். மன்னார்க் காணியும் யாழ்ப்பாணக் கடையும் நம்முடையவை. நாம் இங்கே விருந்தாளிகள் என்பது. இந்த இரண்டாவது பதிலை நான் இன்றும் மதிக்கிறேன். 'தற்காலிகம்' என்று சொல்வது அன்று ஓர் உரிமைப் போராட்டம். கொட்டிலின் கிடுகுதான் தாய்மண்ணின் உறுதிப் பத்திரம்.

ஆனால் அதே சொல் மெல்ல மெல்லப் பொறியாக மாறியது. தற்காலிகமாக இருப்பவர்களுக்குக் காணி எதற்கு, தண்ணீர்க் குழாய் எதற்கு, மின்சாரம் எதற்கு என்ற கேள்விகள் வந்தன. அவர்களின் வாக்குப் பதிவு வடக்கிலேயே இருந்தது. தேர்தல் காலத்தில் புத்தளத்தில் அமைக்கப்பட்ட கொத்தணி வாக்களிப்பு நிலையங்களில் மன்னாருக்கும் யாழ்ப்பாணத்துக்கும் வாக்களித்தார்கள். உடம்பு ஓரிடத்தில், பிரதிநிதி வேறிடத்தில். தாம் நாள்தோறும் நடக்கும் வீதிக்கு யாரிடம் முறையிடுவது என்றே தெரியவில்லை. பிள்ளைகள் பலர், உள்ளூர்ப் பிள்ளைகள் வீடு திரும்பிய பின் அதே கட்டடங்களில் பிற்பகல் வகுப்புகளில் படித்தார்கள். அடுப்பில் கிடக்கும் ஓட்டைப் போலச் சூடேறிய தகரக் கூரையின் கீழ் பிற்பகல் இரண்டு மணிக்குக் கணக்குப் பாடம் படிப்பது என்னவென்று ஆசிரியர்களுக்குத் தெரியும்.

'அகதி' என்ற சொல்லைத் தமிழ் ஆசிரியன் என்ற முறையில் சற்று எண்ணிப் பார்க்கிறேன். அ, கதி. கதியற்றவர், போக்கிடம் இல்லாதவர். ஒருவருக்குப் போக்கிடம் கிடைத்ததும் இந்தச் சொல் அவரை விட்டு நீங்க வேண்டும். புத்தளத்தில் அது நீங்கவில்லை. "அகதிப் புள்ளை" என்று வகுப்பறையில் கேட்டிருக்கிறேன். சொன்னதும் ஒரு முஸ்லிம் பிள்ளைதான்.

கொடுத்தவர்களின் கணக்கு

இங்கே புத்தளத்தாரைக் குறை சொல்லிவிட்டுப் போவது அநியாயம். ஒரு பகுதியின் சனத்தொகை சில வாரங்களில் இவ்வளவு பெருகும்போது என்ன நடக்கும்? வெங்காயத் தோட்டத்தில் குறைந்த கூலிக்கு வேலை செய்ய ஆட்கள் வந்தார்கள். ஏற்கனவே அங்கே கூலி வேலை செய்த உள்ளூர் ஏழையின் கூலி குறைந்தது. விறகுக்குக் காடு தூரமாயிற்று. ஆஸ்பத்திரி வரிசை நீண்டது. பக்கத்துக் கொட்டிலுக்கு உலருணவு அட்டை இருந்தது, தலைமுறை தலைமுறையாக அங்கே ஏழையாக வாழ்ந்தவனுக்கு எதுவும் இல்லை. உதவி நிறுவனங்களின் வாகனங்கள் அவன் வாசலைத் தாண்டி முகாமுக்குப் போயின. "நாங்க சோறு போட்டம், இப்ப எங்களுக்கே சோறில்ல" என்று ஒரு தாய் என்னிடம் சொன்னபோது அதில் வெறுப்பைவிடக் களைப்பே தெரிந்தது.

அவர்கள் திறந்த கதவை யாரும் பதிவு செய்யவில்லை. அதன் செலவை யாரும் ஈடு செய்யவுமில்லை. முதல் மாதங்களின் தர்மத்தைப் பத்து வருடங்களுக்கு ஒரு சமூகத்திடம் எதிர்பார்ப்பது, தர்மத்தின் மீதே ஏற்றப்படும் பாரம்.

திண்ணையும் சந்தையும்

வடபுல மக்களின் கதையை ஹிஜ்ரத்தோடும், புத்தளத்தாரை அன்ஸார்களோடும் ஒப்பிட்டுப் பேசுவது நமது மேடைகளின் வழக்கம். ஒப்பீடு பொருத்தமானதே. ஆனால் அதன் பாதியைத்தான் சொல்கிறோம்.

மதீனாவில் வீடற்ற முஹாஜிர்களுக்கு நபியவர்களின் பள்ளிவாசலின் ஓரத்தில் ஓர் இடம் ஒதுக்கப்பட்டது. அதுதான் ஸுஃப்பா, திண்ணை. அதன் கூரை பேரீச்ச ஓலை. கல்பிட்டியின் கிடுகுக் கொட்டிலை நினைத்துக்கொள்ளுங்கள். ஆனால் ஸுஃப்பாவில் இருந்தவர்கள் நிலையாக அங்கேயே இருக்கவில்லை. தொழில் கிடைத்ததும், திருமணம் ஆனதும் வெளியேறினார்கள். புதியவர்கள் வந்தார்கள். திண்ணை நிலையானது, திண்ணைவாசி நிலையானவரல்லர்.

முஹாஜிருக்கும் அன்ஸாருக்கும் இடையில் நபியவர்கள் ஏற்படுத்திய சகோதரத்துவமும் அப்படித்தான். ஆரம்பத்தில் அந்தச் சகோதரத்துவம் வாரிசுரிமை வரை போனது. முஹாஜிர்கள் காலூன்றிய பின்னர் அந்த வாரிசுரிமை நீக்கப்பட்டு இரத்த உறவினருக்கே திருப்பப்பட்டது. அன்பால் அத்தியாயத்தின் கடைசி வசனத்தை இந்தப் பின்னணியில் முஃபஸ்ஸிர்கள் விளக்குகிறார்கள். அன்பு நீக்கப்படவில்லை, பாரம் நீக்கப்பட்டது. ஸஃத் பின் அர்ரபீஉ தன் செல்வத்தில் பாதியைத் தருகிறேன் என்றபோது, அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் அவருக்காக துஆச் செய்துவிட்டுச் சந்தைக்கு வழி கேட்டார் என்பது நாம் சிறுவயதிலேயே கேட்ட செய்தி. அந்தக் கதையில் கொடுத்தவரைப் போற்றுகிறோம், வாங்க மறுத்தவரையும் போற்றுகிறோம். இருவருக்கும் நடுவே ஒரு சந்தை திறந்திருந்தது என்பதைக் கவனிப்பதில்லை. புத்தளத்தில் கதவு திறந்தது, சந்தை திறக்கவில்லை.

எதிர்த்திசையில் போனவர்கள்

சப்ரகமுவவில் இருந்து எழுதுகிற நான் இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். 1977 இலும் 1981 இலும் எங்கள் மாகாணத்தின் தோட்டங்களில் தமிழ்த் தொழிலாளர் தாக்கப்பட்டு லயன்களை விட்டு ஓடினார்கள். அவர்களில் பலர் வவுனியாவுக்கும் வன்னிக்கும் போய்க் காடு வெட்டிக் குடியேறினார்கள். அவர்களுக்கும் அங்கே முதலில் கிடைத்தது ஓலைக் கொட்டில்தான், சொல்லப்பட்டதும் 'தற்காலிகம்' என்றுதான். 1990 இல் அதே வவுனியா வழியாக நம்மவர்கள் தெற்கே வந்தார்கள். சரியாக ஐந்து வருடங்கள் கழித்து, 1995 ஒக்டோபர் 30 இல், யாழ்ப்பாணத்தின் வலிகாமத்தில் இருந்து இலட்சக்கணக்கான தமிழர்கள் ஒரே இரவில் தென்மராட்சிக்கு இடம்பெயர்ந்து பாடசாலைகளிலும் கோயில்களிலும் மரங்களுக்குக் கீழும் தங்கினார்கள். நாம் வெளியேறிய நாளன்று அழுத தமிழ் அயலவர்களைப் பற்றி முதியவர்கள் இன்றும் சொல்வதுண்டு. அநியாயத்தை அநியாயம் என்று சொல்வோம், செய்தவர் பெயரையும் சொல்வோம். ஆனால் கிடுகின் கீழ் உறங்கியது நாம் மட்டும்தான் என்று எழுதினால் அது வரலாறாகாது.

பிறகு

2002 இல் போர்நிறுத்தம் வந்தது. அந்த ஏப்ரலில் கிளிநொச்சியில் நடந்த ஊடகச் சந்திப்பில் வெளியேற்றத்துக்காகப் புலிகள் தரப்பில் வருத்தம் தெரிவிக்கப்பட்டது. சிலர் போய் வீட்டைப் பார்த்தார்கள். கூரை இருக்கவில்லை. 2007 இல், பதினேழு வருடங்களுக்குப் பிறகு, உலக வங்கியின் நிதியோடு புத்தளத்தில் நிரந்தர வீடமைப்புத் திட்டம் தொடங்கியது. 2009 இல் போர் முடிந்தபோது உலகின் கண் புதிதாக இடம்பெயர்ந்தவர்கள் மீது இருந்தது. நம்மவர்களுக்கு 'பழைய இடம்பெயர்ந்தோர்' என்று பெயர். பழையது என்றால் அவசரமில்லை என்று பொருள். முசலிப் பகுதியில் மறிச்சுக்கட்டி, பாலைக்குழி, கரடிக்குளி போன்ற ஊர்களுக்குத் திரும்பியவர்கள் தமது வளவுகளில் காடு வளர்ந்திருக்கக் கண்டார்கள். 2012 இல் அப்பகுதி நிலங்கள் ஒதுக்கக் காடாக வர்த்தமானியில் பிரகடனம் செய்யப்பட்டன. இங்கே தற்காலிகமாக இருந்த காலத்தில் அங்கேயிருந்த நிரந்தரம் கைவிட்டுப் போயிற்று.

எருக்கலம்பிட்டியில் பிறந்தவரும் பேராதனைப் பல்கலைக்கழகப் புவியியல் பேராசிரியருமான எஸ்.எச். ஹஸ்புல்லாஹ் 2018 இல் மறையும் வரை இந்த மக்களின் இழப்பைக் கணக்கெடுத்து எழுதினார். சிவில் சமூகத்தினர் அமைத்த மக்கள் ஆணைக்குழுவொன்றின் அறிக்கையும் 2011 இல் வெளிவந்தது. இழந்தவற்றின் பதிவு ஓரளவு நம்மிடம் இருக்கிறது. கொடுக்கப்பட்டவற்றின் பதிவு இல்லை.

அது இன்னும் முற்றாக அழிந்துவிடவில்லை. 1990 நவம்பரில் பாடசாலைகள் எந்த நாளில் முகாமாயின, எந்த நாளில் மீண்டும் வகுப்புகள் தொடங்கின என்பது அந்தந்தப் பாடசாலையின் சம்பவத் திரட்டுப் புத்தகத்தில் அதிபர் கையெழுத்தோடு இருக்க வேண்டும். பள்ளிவாசல்களின் வரவுசெலவுப் புத்தகங்களில் அந்த மாத அரிசியும் விறகும் ஏதோ ஒரு வரியில் பதிந்திருக்கும். கரையில் நின்று பிள்ளைகளைத் தூக்கி இறக்கியவர்களில் சிலர் இன்னும் இருக்கிறார்கள். நிருவாக சபைகள் மாறும்போது பழைய கொப்பிகளை எரித்துவிடாதீர்கள் என்று இச்சஞ்சிகையின் வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறேன். நாளை இன்னொரு நகரத்தின் வாசலில் இன்னொரு கூட்டம் வந்து நிற்கும். அன்று கந்தூரிச் சட்டியை இறக்குவதற்கு நமக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. கூரை போடுகிற அன்றே, இந்தக் கூரை எதுவரை, அதற்குப் பிறகு என்ன என்று கேட்பதற்குத்தான் அந்தக் கொப்பிகள் தேவை.